தூணில் நின்ற வலக்கை

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே பெருமாள்மலைச் சந்திப்பில், பழனிக்கு இறங்கும் சாலை பிரிகின்ற இடத்தில், சாஹிராவின் கடை அமைந்திருந்தது. தலைக்கவசம், மழை அங்கி, முழங்கால் காப்பு முதலிய யாவும் அங்குக் கிடைக்கும். எனினும் அக்கடைக்குப் பெயர் ஈட்டித் தந்தவை கையுறைகளே. சமவெளியிலிருந்து வெறுங்கையுடன் மோட்டார் சைக்கிளில் ஏறிவருகின்ற இளைஞர்கள், இச்சந்திப்பை அடைந்ததும் விரல்களை மடக்க இயலாமல், எஞ்சினருகே கையை நீட்டிச் சூடேற்றிக்கொண்டு நிற்பார்கள். சாஹிரா அவர்களிடம் அளவைக் கேட்பதில்லை. "எந்தப் பக்கம் போறீங்க? வெரட்டி ஓட்டுவீங்களா, பாத்து ஓட்டுவீங்களா?" என்றே கேட்பாள்.

அவளது தொழிலறிவு முழுவதும் அக்கேள்வியில் அடங்கியிருந்தது. பழனிப் பக்கம் இறங்குவோருக்கு வலைத்துணியால் ஆனது போதும். காற்றுப் புகுவதால் உள்ளங்கை வியர்க்காது. மேலே, குளிர் மிகுந்த கிளாவரைப் பக்கம் ஏறுவோருக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது வேண்டும். ஆயின் பஞ்சு மிகுந்தால் பிரேக் பிடியின் இறுக்கம் விரலுக்குப் புலப்படாது. விரட்டி ஓட்டுபவனுக்கு விரல்முட்டிகளின்மேல் கெட்டியான ஓடும், உள்ளங்கையின் அடியில் வழுக்குத் தகடும் இருத்தல் நலம். ஏனெனில் விழுபவன் முதலில் தரையில் ஊன்றுவது கையைத்தான். மழைக்காலத்தில் கையுறையின் வாயை அங்கியின் கைக்கு உள்ளே செருகவேண்டும். வெளியே விட்டால், முழங்கையில் வழிகிற நீரெல்லாம் விரல் நுனியில் தேங்கும்.

பழனிச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் ஒற்றைக் கையுறை கிடக்கக் கண்டால், எவரும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. அருகிலுள்ள தடுப்புக் கம்பியின் தூணில், விரல்கள் மேல்நோக்கி இருக்குமாறு மாட்டிவிட்டுப் போவார்கள். தொலைத்தவன் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வான். வராவிட்டால் அது அங்கேயே நைந்து உதிரும். மேகம் இறங்கிய வேளையில் புதிதாக வருவோர், யாரோ கைகாட்டி நிறுத்துவதாக எண்ணி வண்டியின் வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

சாஹிராவின் கணவன் முஆத் பூண்டு வியாபாரி. கிளாவரையிலிருந்து ஜீப்பில் வந்திறங்கும் மலைப்பூண்டை மூட்டையாகக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி, பழனிக் கடைவீதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். எதையும் வீணாக்க மனம் வராதவன். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் அவன் பழனியிலிருந்து திரும்பியதும், வண்டியின் பின்புறம் கயிற்றில் செருகியிருந்த ஒரு கறுப்புத் தோல் கையுறையை உருவி மேசைமேல் போட்டான்.

"இந்தா புள்ள, உன் கடையில ஒத்தையில கெடக்காளே ஒருத்தி, அவளுக்கு மாப்பிள்ள கெடச்சாச்சு."

அவன் கூறியது, அதன் இணையான வலக்கையை எலி கடித்துவிட்டபடியால் விற்க முடியாமல் கிடந்த ஓர் இடக்கைக் கையுறையை. சாஹிரா இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஒரே கம்பெனி, ஒரே அளவு.

"எங்க எடுத்தீங்க?"

"ஊத்து வளைவுல. மொதத் தூணுல மாட்டியிருந்துச்சு. எம்புட்டு நாளா அங்கனயே நிக்கிது! ஒருத்தனும் தேடி வரல."

"தூணுல இருக்கறத எடுக்கலாமாங்க?"

"எடுக்காதன்னு போர்டா மாட்டியிருக்கு?"

அடுத்த கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த வீரம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏப்பா முஆத்து, பொண்டாட்டி கிளவுஸ் கடையே வச்சிருக்கா, நீ ரோட்டுல பொறுக்கிக்கிட்டு வர்ற. நாளைக்கு எங்கடை பெஞ்சுல எவனாச்சும் குடிச்சிட்டு வச்ச மிச்ச டீயையும் விடமாட்ட போலயே."

"உங்க டீயில மிச்சம் வைக்காதவன் எவன்க்கா இருக்கான்?" என்றான் முஆத்.

வீரம்மாள் கரண்டியை ஓங்கிக் காட்டிவிட்டு உள்ளே போனாள். சாஹிரா, உள்துணி கிழிந்திருக்கிறதா என்று அறியும்பொருட்டு, கையுறைக்குள் விரல்களை நுழைத்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இப்பொழுதுதான் ஒருவர் கழற்றி வைத்தாற்போன்ற வெதுவெதுப்பு. மலையேற்றம் முழுவதும் கயிற்றில் தொங்கி மழையில் நனைந்து வந்த பொருள் அது. அவள் விரல்களை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டாள்.

அன்றுமுதல் முஆத் அந்த இணையையே அணிந்தான். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் சாஹிரா அவற்றை, வீரம்மாளின் அடுப்புச் சூடு ஏறுகின்ற பக்கச் சுவரில் கயிறு கட்டிக் காயவைத்தாள். இடக்கை மறுநாளே காய்ந்தது. வலக்கை காயவில்லை. மழையற்ற நாளிலும் அதன் விரல் நுனிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. மேசைமேல் கிடத்தினால் இடக்கை துவண்டு படுத்தது. வலக்கையின் விரல்கள் மட்டும் தளராமல் விரிந்தே கிடந்தன.

"நல்ல தோலு," என்றான் முஆத்.

"செத்த மாட்டுத் தோலுக்கு இம்புட்டு ரோசம் கெடையாதுங்க," என்றாள் அவள்.

சில நாள்களுக்குப் பின், சோற்றைப் பிசைந்தபடியே அவன் ஒரு செய்தியைக் கூறினான். "ஒண்ணு கவனிச்சேன், சாஹிரா. ஏறி வரும்போது அந்த ஊத்து வளைவு வந்தா, வலக்கை தானாப் பிரேக்க அமுக்குது. நான் அமுக்கல."

"பழக்கமா இருக்கும்."

"பழக்கமா? எனக்கு முன்னாடி அதுக்குத் தெரியுது, வளைவு வரப்போகுதுன்னு."

அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் அடுத்த வாரம், நனைந்த சாலையில் அவ்வாறு பிரேக் இறுகி முன்சக்கரம் வழுக்கியதில், கண்ணாடி உடைந்து முழங்கை சிராய்ந்து வீடு திரும்பினான். அன்று அவன் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றியபோது உள்துணியும் விரல்களோடு சேர்ந்து வெளியே வந்தது. அவன் விட்டாலும் அது விடுவதாயில்லை என்பது போலிருந்தது அக்காட்சி.

இரண்டு இரவு விடாது பெய்த மழைக்குப் பிறகு வந்த காலையில், முஆத் பழனிக்குப் புறப்பட ஆயத்தமானான். சாஹிரா வலக்கைக் கையுறையை ஓர் அட்டைப்பெட்டியில் இட்டு, மேசைக்கு அடியில் தள்ளினாள். பிறகு தன் கடையில் தொங்கியவற்றுள் அவனுக்கு உரியதை நிதானமாகத் தேர்ந்தாள். வலைத்துணி இன்றைய மழைக்கு உதவாது. பஞ்சு மிகுந்தது பிரேக்கின் உணர்வைக் கெடுக்கும். ஆகவே நீர் புகாத, நடுத்தரக் கனமுள்ள, உள்ளங்கையில் ரப்பர் பிடிப்பு உடைய இணையை எடுத்து, தானே அவன் கைகளில் அணிவித்து, அங்கியின் கைக்குள் செருகிவிட்டாள்.

"எனக்கே வாடகைக்கு விடுறியா?" என்றான் அவன்.

"உயிரோட வந்து திருப்பிக் குடுங்க. அது போதும்."

நண்பகலில் அவன் பழனியிலிருந்து போன் செய்தான். "சோலி முடிஞ்சிருச்சு புள்ள, கெளம்பிட்டேன். வெரசா வந்துருவேன், பசிக்கிது."

அதற்குச் சிறிது நேரத்துக்குப் பின் ஒருவர் கடைக்குள் வந்தார். வண்டியின் ஒலி கேட்கவில்லை. தகரக்கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் சாஹிரா அதைப் பொருட்படுத்தவில்லை. அவரது வலக்கை மேலங்கியின் பைக்குள் இருந்தது. இடக்கையில் கறுப்புத் தோல் கையுறை.

"வாங்க. எந்தப் பக்கம் போறீங்க?"

"மேல வந்துக்கிட்டிருந்தேன்."

"கொடைக்கானலுக்கா? அப்ப மழைக்குத் தாங்குறதாப் பாருங்க." அவள் ஒரு கனத்த இணையை மேசையில் வைத்தாள்.

"இது வேணாங்க. இதுல பிரேக் தெரியாது."

"பரவால்லயே, வெவரமா இருக்கீங்க. அப்ப இந்த வலைத்துணி இருக்கு, ஆனா இது வெயிலுக்குத்தான்."

"வெயில நம்பித்தான் அன்னிக்கும் வந்தேன். மேல வந்தா ஒரே மேகம்."

"கையக் கொஞ்சம் வெளிய எடுங்க. அளவு பாத்துருவோம்."

அவர் எடுக்கவில்லை. அப்பொழுதுதான் சாஹிரா அவரை உற்றுநோக்கினாள். கொட்டுகிற மழையில் வந்த மனிதரிடம் ஒரு துளி ஈரமும் இல்லை. தோள்களிலும் இடக்கைக் கையுறையிலும் கோடைக்காலத்துச் சாலைத் தூசு வெளிறிப் படிந்திருந்தது. வாசலில் சேறு ஒட்டாமலிருக்க அவள் விரித்துவைத்த செய்தித்தாளில் ஒரு காலடித் தடமும் பதியவில்லை.

"எனக்கு ஒண்ணுதாங்க வேணும்," என்றார் அவர். "வலது. உங்க வீட்டுக்காரரு எடுத்துக்கிட்டு வந்தது."

சாஹிரா மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "தொலைச்சுட்டீங்களா?"

"தொலைக்கல. வச்சிட்டு வந்தேன். நான் அந்த வழியாத் திரும்பத் திரும்பப் போயாகணும். எம் பின்னால வர்றவங்க என் லைட்டப் பாத்தே வர்றாங்க. நிறுத்துங்கன்னு திரும்பிச் சொல்ல எனக்கு முடியாது. அதான் அதைய அங்க நிறுத்தி வச்சேன்."

மேகம் சூழ்ந்த மலைச்சாலையில் முன்செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கையே வழியாகக் கொண்டு தொடர்வது, இப்பகுதியில் வண்டி ஓட்டுவோர் அனைவரும் கைக்கொள்ளும் முறை. முஆத்தும் அவ்வாறே வருவான். சாஹிரா அட்டைப்பெட்டியை எடுத்து அவர் முன் தள்ளினாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிருங்க. அவரு தெரியாமச் செஞ்சுட்டாரு."

"என்னால எடுக்க முடியாது. எடுத்த வீட்டுக்காரங்கதான் வைக்கணும்." அவர் வாசலை நோக்கித் திரும்பினார். "நான் இப்பக் கீழ போறேன். போனா மறுபடி ஏறி வந்துதான் ஆகணும். உங்க வீட்டுக்காரரு எம் பின்னாலதான் வருவாரு. இன்னிக்கு அந்த வளைவுல வெளிப்பக்கம் ரோடே இல்லங்க. எறங்கிருச்சு."

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவருவதற்குள் வாசலில் எவரும் இல்லை; மழை மட்டுமே கொட்டிக்கொண்டிருந்தது. முஆத்தின் எண்ணை அழைத்தாள்; இணைப்புக் கிடைக்கவில்லை.

வீரம்மாள் தன் கடை முகப்பில் நின்று பழனிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏத்தா, இப்ப ஒரு செவப்பு லைட்டு கீழாம போச்சு, பாத்தியா? எஞ்சின் சத்தமே இல்ல. பேட்டரி வண்டியா?"

"யக்கா, ஊத்து வளைவுல ரோடு எறங்கிருச்சாம். போலீசுக்குப் போன் போடுங்க. கீழ எறங்குற வண்டிய இங்கனயே மறிங்க."

"யாரு சொன்னா?"

"வந்தவரு சொன்னாரு. மேல கேக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரரு பழனியிலருந்து கெளம்பி ஏறி வந்துக்கிட்டிருக்காரு, போன் கெடைக்கல."

வீரம்மாள் போலீசுக்குப் போன் போட்டாள். பெஞ்சைத் தூக்கிச் சாலையின் குறுக்கே போட்டாள்.

சாஹிரா பெட்டியிலிருந்த கையுறையை எடுத்துக்கொண்டு, தன் ஸ்கூட்டரில் பழனிச் சாலையில் இறங்கினாள். மேகம் முகத்துக்கு எதிரே சுவர்போல் நின்றது. ஊற்று வளைவுக்கு மேலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தாள். வந்தவர் கூறியது மெய். ஏறிவருவோரின் இடப்பக்கத்தில், சாலையின் வெளிப்பாதி முழுவதும் பள்ளத்தில் சரிந்துவிட்டிருந்தது. தடுப்புக் கம்பி காற்றில் தொங்கியது. எஞ்சிய உட்பாதியில், பாறையை ஒட்டி, முதுகை உரசியபடியே அவள் கடந்தாள். வளைவின் கீழ்முனையில் முதல் தூண் மட்டும் அசையாமல் நின்றது.

அவள் கையுறையைத் தூணின் தலையில் மாட்டினாள். வீட்டில் தளராமல் விரிந்து கிடந்த அது, இப்பொழுது துவண்டு சரிந்து கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினாள், மறுபடி விழுந்தது. ஒரு குச்சியை உள்ளே செருகிப் பார்த்தாள்; விரல்கள் குச்சியைச் சுற்றித் தொங்கின. வெறும் கையுறை நிற்பதாயில்லை. இத்தனை காலமும் அது எதைக்கொண்டு நின்றது என்ற எண்ணம் அவளுக்கு அப்பொழுதுதான் தோன்றியது.

கீழே, தொலைவில், ஒரு மோட்டார் சைக்கிளின் ஒலி எழுந்தது. மூட்டையின் சுமையில் திணறும் அந்த எஞ்சினை அவள் நன்கறிவாள். போனின் விளக்கை ஏற்றி ஆட்டினாள். அவ்வொளியை மேகம் ஒரு முழத்திற்குள் விழுங்கிவிட்டது. "யா அல்லாஹ்" என்றபடி, அவள் தன் வலக்கையைக் கையுறைக்குள் நுழைத்தாள்.

அவளது கைக்கு அது இரண்டு அளவு பெரியது. அதைப் பார்வையாலேயே அறியும் தொழில் அவளுடையது. ஆயினும் அவளுடைய விரல்களைச் சுற்றி இருந்தாகவேண்டிய வெற்றிடம் அங்கில்லை. ஒவ்வொரு விரலின் அருகிலும் வேறொரு விரல் இருந்தது. அவை வெதுவெதுப்பாக இருந்தன. அவை அவளுடைய விரல்களை மென்மையாகப் பற்றி, தூணின்மேல் உயர்த்தி நிறுத்தின.

முதலில், முகப்பு விளக்கே இல்லாமல் ஒரு வண்டி வந்தது. ஒலியின்றி வந்தது. அவர்தாம். வலக்கையை மேலங்கியின் பைக்குள் வைத்தபடியே, எவ்வித முடுக்கமும் இன்றி ஏறிவந்தார். சாஹிராவைக் கடக்கும்போது தலை திரும்பவில்லை. தூணைத் தாண்டி, சாலை இல்லாத இடத்தின்மேல், முன்பு சாலை எவ்வாறு வளைந்திருந்ததோ அவ்வாறே வளைந்து சென்றார். பள்ளத்தின்மேல் அவ்வண்டியின் சிவப்புப் பின்விளக்கு ஒருமுறையேனும் குலுங்கவில்லை.

அதன் பின்னால் முஆத்தின் முகப்பு விளக்கு மஞ்சளாகக் கரைந்து தெரிந்தது. சாஹிரா கத்தினாள், மழை அவள் குரலைத் தரையோடு அழுத்தியது. அந்நேரத்தில் கையுறையின் விரல்கள் அகல விரிந்தன. அவள் விரிக்கவில்லை.

பிரேக் கீச்சிட்டது. பின்சக்கரம் ஒருமுறை விலகி, மீண்டும் நேராகி, வண்டி தூணுக்கு முன்னால் வந்து நின்றது.

"எவன்லே அது, நடுரோட்டுல கையக் காட்டிக்கிட்டு..." என்று தொடங்கிய முஆத், மனைவியைக் கண்டு எஞ்சினை அணைத்தான். "சாஹிரா? இங்க என்ன பண்ற?"

"எறங்குங்க. மொதல்ல வண்டிய விட்டு எறங்குங்க."

"முன்னாடி ஒரு வண்டி போச்சே. அவன் பின்னாலதான்..." அவன் இறங்கி நான்கடி நடந்தான். அதற்குமேல் நடக்கச் சாலை இல்லை. அவன் குனிந்து பள்ளத்தைப் பார்த்தான். "ஏலே! யாராச்சும் இருக்கீங்களா?"

"கத்தாதீங்க. அவரு விழல. அவரு அப்பிடித்தான் போவாரு."

முஆத் திரும்பினான். தூணின்மேல் உயர்ந்திருந்த அவளுடைய கையையும், கையில் இருந்த கையுறையையும் அவன் கண்டான். அருகில் வந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

"எடு கைய."

"வர மாட்டேங்குதுங்க. உள்ள புடிச்சிருக்கு."

"யாரு?"

பள்ளத்துக்கு அப்பால், அவர் சென்ற திசையை அவள் கண்ணால் காட்டினாள். சற்று நேரத்தில் அவள், "கீழ போங்க, ஒண்ணு வருது" என்றாள். எவ்வொலியும் கேட்கவில்லை, ஆயினும் முஆத் ஓடினான். அவன் வளைவுக்குக் கீழே சென்று கையை ஆட்டத் தொடங்கிய பின்னரே ஒரு வேனின் விளக்கு தெரிந்தது. அதன்பின் ஒரு கார். அதன்பின் வலைத்துணிக் கையுறை அணிந்து, குளிரில் நடுங்கியபடி வந்த மாணவர்கள் சிலர். ஒவ்வொரு முறையும் கையுறைக்குள்ளிருந்த விரல்கள் முன்கூட்டியே இறுகின, ஒவ்வொரு முறையும் அவள் சொன்னாள், அவன் நிறுத்தினான். பள்ளத்தைக் கண்டவர்கள் தத்தம் வண்டிகளைப் பின்னுக்கு எடுத்தார்கள்.

இறுதியில் இரு புறத்திலிருந்தும் ஆட்கள் வந்தனர். போலீசார் வேனைக் குறுக்கே நிறுத்தினர். சாலைப் பணியாளர்கள் கற்களை உருட்டிச் சிவப்புத் துணி கட்டினர். அக்கற்களுள் கடைசிக் கல் வைக்கப்பட்டபோது, சாஹிராவின் சுண்டுவிரல் விடுபட்டது. பின் மோதிரவிரல். ஒவ்வொன்றாக, அவசரமின்றி, அவை அவளை விட்டன. அவள் கையை உருவிக்கொண்டாள். கையுறை சரியவில்லை. விரிந்த விரல்களுடன், உள்ளங்கையைக் கீழ்ச்சாலைக்குக் காட்டி, தூணின்மேல் நேராக நின்றது.

முஆத் அதன் முன்னால் தயங்கி நின்றான். நன்றி கூறவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. எச்சொல்லால் கூறுவதென்று தெரியவில்லை. நாள்தோறும் பல கடைகளில் ஏறி இறங்கும் வியாபாரிக்கு விடைபெறுவதற்குப் பழகிய சொல் ஒன்றுதான். அதையே அவன் பணிவுடன் கூறினான்.

"அப்ப நாங்க போயிட்டு வர்றோம்ங்க."

சாஹிரா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். இறந்தவர் இருக்கும் இடத்தில், திரும்ப வருவதாக வாக்களிக்கும் அச்சொல்லைக் கூறாமல் எழுந்து போவதே இம்மலையில் எல்லா மதத்தாரும் காக்கின்ற வழக்கம். அவன் கண்களில் அது புரிந்தது. ஆனால் சொல் முன்பே வெளியேறிவிட்டது.

தூணின்மேல் விரல்கள் நான்கும் மெல்ல உள்நோக்கி மடங்கி, மீண்டும் நிமிர்ந்தன. 'நல்லது, வாருங்கள்' என்று வழியனுப்புகின்றவர் செய்வதைப் போல.